கார்வால், குமாவுன் மலைநாடும் அதன் மக்களும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வரும் கோடை விடுமுறையில் நம் காலனிக் குடும்பங்கள் சில ஒன்றுசேர்ந்து பத்ரிநாதம், கேதாரநாதம் ஆகிய தலங்களுக்குச் செல்லவிருக்கின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆதலின் அம்மலைநாட்டைப் பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு நம் செயலாளர் என்னைப் பணித்தார். தலங்களின் பெருமையைப் பேச என்னினும் தகுதியுடையோர் இவ்வவையில் உள்ளனர். அலுவலின் பொருட்டு அம்மலைகளில் சில ஆண்டுகள் ஏறி இறங்கியவன் என்பதே எனக்குள்ள தகுதி. ஆகவே நாட்டையும் மக்களையும் அவர்தம் பிழைப்பையும் பற்றி மட்டும் பேசுவேன்.

இமயம் நம் முன்னோர்க்குப் புதியதன்று. சங்கப் புலவர் தமிழ் வேந்தரின் புகழுக்கு வட எல்லையாக அதனைக் கூறினர். சேரன் செங்குட்டுவன் கண்ணகியின் படிமத்திற்கு இமயத்தினின்று கல் கொணர்ந்து, கங்கையில் நீராட்டினான் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. திருஞானசம்பந்தரும் சுந்தரரும் கேதாரத்தைப் பாடினர். பெரியாழ்வார் பாடிய கண்டம் என்னும் கடிநகர் தேவப்பிரயாகை என்றும், திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி ஜோஷிமடம் என்றும் வைணவப் பெரியோர் கொள்வர். பத்ரிநாதத்தில் பூசை புரியும் ராவல் கேரள நாட்டு நம்பூதிரி. கேதாரத்து ராவல் கன்னட நாட்டு வீரசைவர். தெற்கிற்கும் அம்மலைக்கும் இத்துணைத் தொடர்பு இருந்தும், நாம் கோயிலைக் கண்டு திரும்புகின்றோமேயன்றிக் கோயிலுக்குச் செல்லும் வழியில் வாழ்வோரைக் காண்பதில்லை. இத்தனைக்கும் நாம் அவர்களைத் தேடி மலையேற வேண்டுவதில்லை. நம் கட்டடங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு நேகியோ, ராவத்தோ, பிஷ்டோ, ஜோஷியோ குடியிருக்கக் காண்கிறோம். மாடிப்படியில் எதிர்ப்பட்டால் வணக்கம் சொல்லிக் கொள்கிறோம், அவ்வளவே.

முதலில் நிலத்தைக் காண்போம். இந்நாடு முன்பு உத்தரப் பிரதேசத்தின் மலைப்பகுதியாக இருந்து, 2000-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் தனி மாநிலமாயிற்று. உத்தராஞ்சல் என முதலில் வழங்கிய பெயர் 2007-இல் உத்தராகண்டு என மாறியது. பரப்பு 53,483 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் ஐந்தில் இரண்டு பங்கு என்று கொள்ளலாம். 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி மக்கள் தொகை ஒரு கோடிக்குச் சற்று மேல். தமிழ்நாட்டில் ஏழில் ஒரு பங்கு. மேற்கே கார்வால், கிழக்கே குமாவுன் என இதனை இரு கூறாகக் கொள்வது வழக்கம். கார்வால் என்பதற்குக் கோட்டைகளின் நாடு என்பது பொருள். ஒரு காலத்தில் 52 சிற்றரண்கள் அங்கு இருந்தனவாம்.

சமவெளியிலிருந்து வடக்கே செல்வோர் முதலில் காண்பது தராய் என்னும் ஈர நிலம். அதற்கு மேலே பாபர் என்னும் கூழாங்கல் நிலம். முகலாய மன்னர்க்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. மலையிலிருந்து இறங்கும் சிற்றாறுகள் பாபர் நிலத்தில் கற்களுக்கிடையே மறைந்து, கீழே தராயில் ஊற்றுகளாக மீண்டும் வெளிப்படுகின்றன. அதன்பின் சிவாலிக் குன்றுகள், அவற்றிற்கு அப்பால் டூன் எனப்படும் அகன்ற பள்ளத்தாக்கு, பின்னரே மலைநாடு. மக்கள் பெரும்பாலும் 1,000 மீட்டருக்கும் 2,500 மீட்டருக்கும் இடைப்பட்ட சரிவுகளில் வாழ்கின்றனர். அதற்கு மேல் பனிமலைகள். நந்தாதேவிச் சிகரம் 7,816 மீட்டர் உயரமுடையது.

ஆறு இருக்குமிடத்தில் ஊர் இருக்கும் என்பது நம் நாட்டு வழக்கு. அங்கே ஆறு ஆழத்தில் ஓடும்; ஊர் மலையின் நடுச்சரிவில் இருக்கும். ஊருக்கு மேலே காடு, கீழே படிப்படியாக வெட்டிய வயல்கள். காட்டின் சருகு மாட்டுத் தொழுவத்திற்குப் படுக்கையாகி, எருவாகி வயலுக்கு இறங்கும். காட்டடியில் கசியும் ஊற்றே குடிநீர். குமாவுனில் அவ்வூற்றுகளைக் கல்லால் கட்டி நௌலா என வழங்குவர். பல நௌலாக்கள் சிறு கோயில் போன்ற தோற்றமுடையன. பாஞ்சு என்னும் கருவாலி மரம் நின்ற காட்டின்கீழ் ஊற்று வற்றாது என்பது அம்மக்களின் அனுபவம். ஓடையின் விசையால் சுழலும் கராட் என்னும் தண்ணீர்த் திரிகையில் மாவரைப்பார்கள். காடு, கால்நடை, வயல், ஊற்று ஆகிய நான்கும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. அவற்றுள் ஒன்றை உருவினால் மற்றவை சரியும் என்பதனை நினைவிற் கொள்க. என் பேச்சு முழுதும் அதனையே சுற்றி வரும்.

அவர்தம் உணவைக் கேட்டால் நம் தாய்மார்கள் வியப்படைவர். மண்டுவா என்று அவர்கள் கூறுவது நம் கேழ்வரகே. ஜங்கோரா என்பது குதிரைவாலி. கஹத் என்பது கொள்ளு. சளி பிடித்தாலும் குளிர் தாக்கினாலும் கொள்ளுச் சாறு காய்ச்சிக் குடிப்பது அங்கும் உண்டு. மழையை நம்பிய மேட்டு வயல்களில் கேழ்வரகு, கீரைத்தண்டின் விதை, தட்டப்பயறு, உளுந்து, கொள்ளு, ராஜ்மா முதலியவற்றை ஒரே வயலில் கலந்து விதைப்பர். பாராநாஜா, அதாவது பன்னிரு தானியம், என்பது அம்முறையின் பெயர். ஒரு பயிர் பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுக்கும். இவ்விதைகள் அழிந்து போகாவண்ணம் 1980-களில் ஹேன்வல் பள்ளத்தாக்கின் உழவர் சிலர், விஜய் ஜர்தாரி முதலானோர், விதை காக்கும் இயக்கம் ஒன்றைத் தொடங்கி ஊர் ஊராகச் சென்று விதை திரட்டினர். சிறுதானியத்தின் பெருமையை நகரத்துக் கடைகள் கண்டறிவதற்கு நெடுநாள் முன்பு நிகழ்ந்தது அது.

பண்டிகைகளும் நமக்கு அயலானவையல்ல. ஆடி பிறக்கும் காலத்தை ஒட்டி ஹரேலா என்னும் விழா வருகிறது. அதற்குச் சில நாள் முன்னரே சிறு கூடைகளில் ஐந்து அல்லது ஏழு வகைத் தானியங்களை விதைத்து, முளைத்த நாற்றை விழா நாளில் அறுத்துப் பிள்ளைகளின் தலையில் வைத்துப் பெரியோர் வாழ்த்துவர். நம் முளைப்பாரியை யார் நினையார்? குமாவுனிப் பெண்கள் வாயிலிலும் பூசையறையிலும் செம்மண் பூசி, அரிசிமாக் கரைசலை விரல் நுனியால் ஒழுகவிட்டுக் கோலமிடுவர்; ஐப்பண் என்பது அதன் பெயர். நம் பொங்கல் வேளையில் அவர்கட்கு குகுதியா. மாவினாற் பல உருவங்கள் செய்து பொரித்து மாலையாகக் கோத்து, பிள்ளைகள் கழுத்தில் அணிந்துகொண்டு காக்கையைக் கூவி அழைத்து உண்பிப்பர். கணுப்பிடி வைக்கும் நம் வீட்டுப் பெண்கள் இதனைக் கேட்டுப் புன்னகை புரிவதைக் காண்கிறேன்.

இவ்வளவு நிறைவாய் வாழ்ந்த மக்கள் ஏன் நம் மாடிப்படிக்கு வந்து சேர்ந்தனர்? இதுவே நான் சொல்ல வந்த செய்தி.

கூர்க்கர்கள் 1790-இல் குமாவுனையும், 1804-இல் கார்வாலையும் கைப்பற்றினர். 1815-இல் ஆங்கிலேயர் கூர்க்கரை வென்று, குமாவுனையும் கிழக்குக் கார்வாலையும் தாமே வைத்துக்கொண்டு, மேற்குப் பகுதியை மட்டும் பழைய அரச குலத்தைச் சேர்ந்த சுதர்சன ஷாவிடம் அளித்தனர். அவர் டெஹ்ரியைத் தலைநகராக்கினார். அடுத்த நூறாண்டுகளில் இருப்புப்பாதை இந்தியா எங்கும் விரிந்தது. தண்டவாளத்தின் கீழிடும் கட்டைகளுக்கு மரம் வேண்டியிருந்தது. தேவதாரு மரங்கள் வெட்டப்பட்டு ஆற்றிலே மிதந்து சமவெளிக்கு இறங்கின. ஹர்சில் என்னுமிடத்தில் வில்சன் என்ற ஆங்கிலேயர் மரம் வெட்டியே பெருஞ்செல்வராகித் தம் பெயரில் நாணயமும் வெளியிட்டார். அங்கே ஆப்பிள் பயிரைக் கொணர்ந்தவரும் அவரே என்பர். அதற்காக அவரைச் சிறிது பொறுத்துக்கொள்வோம். 1893-இல் ஊரின் அளக்கப்படாத நிலமெல்லாம் அரசுக் காடு என அறிவிக்கப்பட்டது. 1911 முதல் 1917 வரை குமாவுனில் காடுகள் ஒதுக்கப்பட்டு, விறகுக்கும் புல்லுக்கும் தழைக்கும் ஊரார் செல்வது கட்டுப்படுத்தப்பட்டது. பிசின் தரும் சீர் என்னும் ஊசியிலை மரம் ஊக்கப்பட்டது. அதன் சருகைக் கால்நடை உண்ணாது. கோடையில் அது தீப்பற்றும்.

நான் முன்பு கூறிய நான்கனுள் ஒன்று இவ்வாறு உருவப்பட்டது.

மக்கள் வாளா இருந்தனரல்லர். அதிகாரிகள் சுற்றுப்பயணம் வரும்போது ஊரார் கூலியின்றிச் சுமை சுமக்க வேண்டும் என்ற கட்டாய வேலை அக்காலத்தில் இருந்தது. யார் யார் சுமக்க வேண்டும் என்று பதிவேடுகள் உண்டு. 1921-ஆம் ஆண்டு ஜனவரியில், நாம் பொங்கலிடும் அதே சங்கராந்தியின்போது, பாகேசுவரத்தில் கூடிய திருவிழாக் கூட்டம் பத்ரி தத்த பாண்டே முதலியோர் தலைமையில் அப்பதிவேடுகளைச் சரயு ஆற்றில் எறிந்தது. கட்டாயச் சுமை அத்துடன் ஒழிந்தது. டெஹ்ரி அரசிலோ 1930-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் திலாரி என்னுமிடத்தில் வன உரிமை கேட்டுக் கூடியவர்கள் சுடப்பட்டனர். அடுத்த ஆண்டில் குமாவுனில் ஊரார் தாமே காத்து ஆளும் வனப் பஞ்சாயத்துகளுக்கு விதிகள் பிறந்தன. அவை இன்றும் உள்ளன.

வடகோடியிலும் ஒரு வாயில் அடைபட்டது. மானா, நீத்தி, ஜோஹார், தார்மா, பியான்ஸ் முதலிய உயர்ந்த பள்ளத்தாக்குகளில் வாழும் போட்டியர் என்னும் மக்கள், கோடையில் கணவாய்களைக் கடந்து திபெத்துடன் வாணிகம் செய்தனர். தானியமும் வெல்லமும் துணியும் ஏறும். உப்பும் கம்பளி மயிரும் வெண்காரமும் இறங்கும். ஆடுகளின் முதுகில் சிறு பைகளைக் கட்டிச் சுமை ஏற்றுவர். ஜோஹார்ப் பள்ளத்தாக்கின் மிலம் என்னும் ஊர்ப்பகுதியைச் சேர்ந்த நைன் சிங் ராவத் என்ற பள்ளியாசிரியர், 100 மணிகள் கொண்ட மாலையை உருட்டித் தம் காலடிகளை எண்ணியவாறே லாசா வரை நடந்து அளந்தவர். லண்டன் புவியியல் கழகம் 1877-இல் அவருக்குப் பொற்பதக்கம் அளித்தது. 1962-ஆம் ஆண்டுப் போருடன் அவ்வாணிகம் நின்றது. மிலத்தின் கல் வீடுகள் பெரும்பாலும் கூரையின்றி நிற்கின்றன.

வயல் சிறிது, காடு அரசினது, வாணிகம் இல்லை. எஞ்சியது ஆடவரின் உடல் வலிமை ஒன்றே. அதனைப் படை வாங்கிக் கொண்டது. 1887-இல் கார்வால் படைப்பிரிவு தோன்றியது. லான்ஸ்டவுன் அதன் இருப்பிடம். குமாவுன் படைப்பிரிவுக்கு ராணிக்கேத். படையில் சேராதோர் தில்லியில் அலுவலகம், உணவு விடுதி, காவல் எனச் சேர்ந்தனர். மாதந்தோறும் மணியார்டர் மலையேறியது. மணியார்டர் பொருளாதாரம் என்றே நூலோர் அதற்குப் பெயரிட்டனர். இப்பெயரைக் கேட்கும்போது இவ்வவையில் உள்ள மூத்தவர் சிலர்க்குத் தம் முதல் மாதச் சம்பளம் நினைவுக்கு வரக்கூடும். திருநெல்வேலிக்கும் தஞ்சைக்கும் இங்கிருந்து மணியார்டர் எழுதியவர் நம்மிலும் பலர். ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. நாம் விட்டுவந்த ஊரில் நமக்குப் பின்னும் உழுவோர் இருந்தனர்.

மலையில் ஏரைப் பெண் பிடிப்பதில்லை என்பது வழக்கம். விதைப்பதும், களையெடுப்பதும், அறுப்பதும், எருச் சுமப்பதும், செங்குத்தான பாறையில் ஏறிப் புல்லரிவதும், விறகும் நீரும் கொணர்வதும் பெண்ணின் வேலை. உழுவது மட்டும் ஆணின் வேலை. ஆண் இல்லையேல் பிறர்க்குக் கூலி கொடுத்து உழவேண்டும். அவரும் ஊரைவிட்டுச் சென்றால் வயல் தரிசாகும். தரிசில் புதர் மண்டும். புதரில் காட்டுப் பன்றி சேரும். பக்கத்து வயலை உழுபவரும் அலுத்துப் போய்க் கைவிடுவர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அல்மோரா மாவட்டத்தில் 1,000 ஆண்களுக்கு 1,139 பெண்கள். பௌரி கார்வாலில் 1,103. அதற்கு முந்திய பத்தாண்டுகளில் இவ்விரு மாவட்டங்களின் மக்கள் தொகை குறைந்தே போயிற்று. 2018-இல் மாநிலத்தின் இடப்பெயர்வு ஆணையம் வெளியிட்ட அறிக்கை, 2011-க்குப் பின் மட்டும் 734 குடியிருப்புகள் ஆளின்றிப் போயின என்று கூறுகிறது. வெளியேறியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பிழைப்பின்மையையும், ஏனையோருள் பலர் பள்ளியின்மையையும் மருத்துவமின்மையையும் காரணமாகக் கூறினராம்.

என் அடுத்த வீட்டு அன்பர் பௌரி மாவட்டத்தவர். ஓர் ஐப்பசி மாதம் குலதெய்வ வழிபாட்டிற்குச் சென்றபோது என்னையும் உடன் அழைத்துச் சென்றார். கல் சுவர், பலகைக்கல் கூரை, கீழே தொழுவம், மேலே குடியிருப்பு என அமைந்த அழகிய வீடுகள். ஐந்தாறு வீடுகளில் மட்டுமே அடுப்புப் புகைந்தது. ஏனைய வீடுகளில் பூட்டுகள் துருவேறித் தொங்கின. அவர் தம் வீட்டுப் பூட்டைத் திறக்க முயன்றார், சாவி திரும்பவில்லை. பக்கத்து வீட்டு மூதாட்டி ஒருவர் கடுகெண்ணெய் கொண்டுவந்து கொடுத்து, "எண்ணெய் விட்டால் திறக்கும், மகனே, ஆண்டுக்கு ஒருமுறை திறந்தால் பூட்டும் மறந்துவிடும்" என்றார். அன்பர் ஒன்றும் பேசவில்லை. பூட்டு அன்று மாலை திறந்தது.

இம்மலைப் பெண்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சியைக் கூறாமல் மேற்செல்ல இயலாது. 1974-ஆம் ஆண்டு மார்ச்சு 26-ஆம் நாள், நீத்தி வழியிலுள்ள ரேணி என்னும் சிற்றூருக்கு ஒப்பந்தக்காரரின் ஆட்கள் மரம் வெட்ட வந்தனர். போருக்குப் பின் படைக்கு எடுத்த நிலத்திற்கு ஈட்டுத்தொகை வழங்குவதாகக் கூறி, ஆடவரை அன்று சமோலிக்கு அழைத்திருந்தனர். கௌரா தேவி என்னும் கைம்பெண் ஏறத்தாழ 27 பெண்களைத் திரட்டிக்கொண்டு, காடு எங்கள் தாய்வீடு என்று கூறி வழிமறித்தார், வந்தவர்கள் திரும்பினர். சிப்கோ என்று உலகம் அறிந்த இயக்கம் அதற்கு முந்திய ஆண்டில் தொடங்கியது எனினும், அதற்கு உருவம் தந்தது இந்நாளே. தாய்வீடு என்ற சொல் அங்கே கனமுடையது. நந்தாதேவியை அம்மக்கள் தம் குலமகளாகவே கருதுகின்றனர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையென வழங்கும் நந்தாதேவி ராஜ யாத்திரையில், மகளைத் தாய்வீட்டிலிருந்து கணவன் வாழும் கயிலைக்கு வழியனுப்புவதாகவே பாடி, பெண்கள் கண்ணீர் வடிப்பர். 2014-இல் அவ்வாறு வழியனுப்பினர்.

அதே ரேணிக்கு அருகில் 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள், பாறையும் பனியும் பெயர்ந்து வீழ்ந்து ரிஷிகங்கையில் பெருவெள்ளமாகி, நீர்மின் நிலையங்களை வாரிச் சென்றது; 200-க்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். 2013 ஜூனில் கேதாரத்தில் நிகழ்ந்ததை நீங்கள் அறிவீர்கள். ஜோஷிமடம் பழைய நிலச்சரிவின் மேல் அமைந்த ஊர், அங்குப் பெருங்கட்டுமானம் கூடாது என 1976-லேயே அரசு அமைத்த குழு எச்சரித்தது. 2023 ஜனவரியில் அவ்வூரின் சுவர்கள் பிளந்தன. இமயம் இளைய மலை. அதன் மண் இன்னும் நிலைகொள்ளவில்லை. அதனை அறிந்தே ரவாயின் பகுதியின் பழைய தச்சர் மரச்சட்டமும் கல்லும் மாறி மாறி அடுக்கிப் பல அடுக்கு வீடுகள் கட்டினர்; 1991-ஆம் ஆண்டு உத்தரகாசி நிலநடுக்கத்திலும் அத்தகைய வீடுகள் நின்றன.

இனி நம்மைப் பற்றி ஒரு சொல். பாகீரதியும் பிலங்கனாவும் கூடுமிடத்தில் 260.5 மீட்டர் உயரத்தில் டெஹ்ரி அணை எழுந்தது. சுந்தர்லால் பகுகுணா 1990-களில் அதனை எதிர்த்து நெடிய உண்ணாநோன்புகள் இருந்தார். 2005 அக்டோபரில் கடைசிச் சுரங்க வழி அடைக்கப்பட, சுதர்சன ஷா அமைத்த பழைய டெஹ்ரி நகரம் மணிக்கூண்டுடன் நீரில் அமிழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்ட சிற்றூர்கள் முழுமையாகவோ பகுதியாகவோ நிலம் இழந்தன. மக்களுட் சிலர் மேலே கட்டிய புதிய டெஹ்ரிக்கும், சிலர் ஹரித்துவாரம், டேராடூன் பக்கத்துச் சமவெளிக்கும் சென்றனர். அணையால் மின்சாரமும் பாசனமும் கிடைக்கின்றன என்பது உண்மை. அந்நீரின் ஒரு பகுதி மேல் கங்கைக் கால்வாய் வழியே முராத்நகருக்கு வந்து, அங்கிருந்து குழாயில் தில்லியின் சோனியா விகாரம் நீர் நிலையத்திற்கு வருகிறது. கிழக்குத் தில்லியிலும் தெற்குத் தில்லியிலும் பல காலனிகளின் குழாய்களில் வருவது அந்நீரே. நம் வீடுகளில் இன்று காலை காப்பிக்கு வைத்த தண்ணீர் அவ்வழி வந்ததாக இருக்கலாம். அதே வேளையில் அம்மலையின் பல ஊர்களில் கோடையில் நௌலா வற்ற, பெண்கள் குடத்துடன் காத்து நிற்கின்றனர். ஆற்றைக் கண்ணாற் காண்பர். அஃது ஆயிரம் அடி கீழே ஓடும்.

புதிய மாநிலத்தில் தொழில் வளரவில்லை என்று கூற முடியாது. 2003-க்குப் பின் வந்த சலுகைகளால் ஆலைகள் பல எழுந்தன. ஆனால் அவை ஹரித்துவாரம், உதம்சிங் நகர், டேராடூன் எனச் சமவெளி சார்ந்த மாவட்டங்களிலேயே எழுந்தன. மலையிலிருந்து இறங்குவோர்க்குத் தில்லிக்குப் பதிலாக ருத்ரபூர் கிடைத்தது, அவ்வளவே வேறுபாடு. மலையிலேயே பிழைப்பைத் தேடுவோரும் இருக்கின்றனர். பருவம் தவறிய காய்கறி, ஹர்சில் ஆப்பிள், வீட்டில் விருந்தினரை ஏற்கும் தொழில் ஆகியவை சில ஊர்களில் புகையும் அடுப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டியிருக்கின்றன. என் கருத்தில் பெரிய விடுதிகளைவிட இவையே நம்பத்தக்கவை.

யாத்திரை செல்வோர்க்குச் சில குறிப்புகள் கூறி முடிக்கிறேன். மே இறுதியிலோ ஜூன் தொடக்கத்திலோ சென்று திரும்புக. ஜூலை, ஆகஸ்டு வேண்டா, சரிவு மிகுதி. மலைப்பாதையில் இரவுப் பயணம் கூடவே கூடாது. ஓரிரவேனும் ஊரார் வீட்டில் தங்குக. பூரியும் உருளைக்கிழங்கும் கேளாமல், மண்டுவா ரொட்டியும் கஹத் பருப்பும் கேட்டு வாங்கி உண்க. அப்பணம் அவ்வூரிலேயே தங்கும். தேவப்பிரயாகையில் வண்டியை நிறுத்திப் படித்துறையில் இறங்கிப் பாருங்கள். ஒருபுறம் அலகநந்தை பத்ரியிலிருந்து வருகிறாள். மறுபுறம் பாகீரதி, அவள் டெஹ்ரி ஏரியைக் கடந்து வருபவள். அங்கே குழந்தைகளிடம் அந்நீர் நம் சமையலறைக்கு வரும் வழியைச் சொல்லுங்கள். புறப்படுமுன் நம் கட்டடத்து நேகியையோ ராவத்தையோ கண்டு, "உங்கள் ஊர் எவ்வழியில் உள்ளது?" என்று கேளுங்கள். அவர்கள் தரும் விவரம் வழிகாட்டி நூல்களில் இராது. மூதாட்டி யாருக்கேனும் கொடுத்தனுப்ப ஒரு பொட்டலமும் தருவர். இடமிருந்தால் மறுக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.